நூறில் ஒரு பங்கு

நாமக்கல் என்றால் சிலருக்கு ஆஞ்சநேயர் நினைவு வரும், சிலருக்கு முட்டை. லாரிக்காரர்களுக்கோ அது பட்டறைகளின் ஊர். ஒரே ஒரு லாரியை, அதுவும் தவணைக் கடனில், வைத்துப் பிழைக்கும் நண்பர் ஒருவர் என்னையும் அங்கே இழுத்துக்கொண்டு போனார். கதை எழுதுகிறவன் கூட இருந்தால் பேரம் படியும் என்று நினைத்தாரோ என்னவோ! அவருடைய வண்டி கொஞ்ச நாளாய் ஆயிலைக் குடித்துவிட்டு நீலப் புகை கக்கிக் கொண்டிருந்தது.

எஞ்சினைப் பிரித்து, காஸ்டிக் சோடாக் கொதிநீரில் குளிப்பாட்டி, 'பிளாக்'கை மேஜைமேல் ஏற்றியிருந்தார்கள். ஆறு சிலிண்டர்கள். எட்டிப் பார்த்தேன். உட்சுவர்கள் துலக்கிய வெள்ளிக் கூஜாவைப் போல் மின்னின.

"புதுசு மாதிரிதானே இருக்கு? ரிங்கை மட்டும் மாத்திப் போட்டா ஆகாதா, மேஸ்திரி?" என்றார் நண்பர். செலவு குறையும், நாலு நாள் முன்னதாக லோடு ஏற்றலாம். தவணைத் தேதி நெருங்கிக் கொண்டிருந்தது அவருக்கு.

மேஸ்திரி பதில் சொல்லாமல், டயல் கேஜை உள்ளே விட்டார். அடியில் பூஜ்யத்தில் நின்ற முள், மேலே வரவர நகர்ந்தது. கருவியைக் குறுக்கே திருப்பினார். வேறு கணக்குக் காட்டியது.

"முட்டையாட்டம் ஆயிப்போச்சுங்க. உருண்டை ரிங்கு இதுல எப்படி ஒட்டும்? அந்தப் பளபளப்புத்தானுங்க சீக்கே!"

வெடிப்பின் அழுத்தமும் சூடும் மேல்பக்கம்தான் அதிகம். ஆயில் படிவதோ அங்கேதான் குறைவு. பிஸ்டனும் பக்கவாட்டுச் சுவரில் சாய்ந்து சாய்ந்தே ஓடுகிறது. ஆகவே தேய்மானம் ஒரு சீராக இராது. இதையெல்லாம் கண் பார்க்காது. அந்த முள்ளின் ஒரு கோடு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கேட்டபடி ரிங்கைப் போட்டு அனுப்பியிருந்தால் மேஸ்திரியை அன்று யார் குறை சொல்லியிருக்கப் போகிறார்கள்?

நண்பர் வாசலுக்குப் போய் வீட்டுக்குப் போன் செய்தார். நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து, "லைனரே மாத்திடுங்க" என்றார். எந்த நகை என்று நான் கேட்கவில்லை.

பழைய லைனர்களைப் பிதுக்கி எடுத்து, புதியவற்றை அழுத்தி இறக்கி, பிஸ்டன் அளவுக்குக் கடைந்தார்கள். வார்ப்பிரும்பு சுருள் சுருளாக வராது, கரிப்பொடியாக உதிர்கிறது. கடைசியில் சாணைக்கல் பொருத்திய 'ஹோனிங்' கருவி சுழன்றுகொண்டே மேலும் கீழும் ஓடியது. வழவழப்பாக்கத்தான் என்று எண்ணினேன். அதுதான் இல்லை! பாய்முடைந்தாற்போலக் குறுக்கும் நெடுக்குமாய் மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போடுகிறார்கள். அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்குமாம்.

பிறகு ஒரு பையன் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவினான். வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினான், சாம்பல் கறை.

"இன்னொருக்கா" என்றார் மேஸ்திரி.

ஐந்தாவது துணியை நண்பரே வாங்கித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லேசாய்க் கறை இருந்தது. பையனிடமே நீட்டி, "இன்னொரு தடவை கழுவிடு, தம்பி" என்றார்.