52 எங்கிருந்து வந்தது?

ஜெனரேட்டர் கரண்ட் அழுக்கு, அதைச் சோலார் ஏற்காது. மாடியில் பேனலும் கொல்லையில் டீசல் செட்டும் வைத்திருப்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். கும்பகோணம் பக்கத்தில் என் அத்தை மகன் நடத்தும் கல்யாண மண்டபத்திலும் பேனல் மாட்டியவர்கள் இதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். மொட்டை மாடியில் 20 கிலோவாட் பேனல். பின்கட்டில் 62.5 கேவிஏ ஜெனரேட்டர். முகூர்த்த நாளில் கரண்ட் போனால் உச்சி வெயிலில் பேனல் சும்மா காயும், டீசல் மட்டும் எரியும்.

அந்தப் பதில் எனக்கு உறுத்தியது. என் பெரியப்பா கோயில் திருவிழாக்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டவர். அவருடைய செட்டின் போர்டில் முள் இல்லாத ஒரு மீட்டர் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக மெல்லிய எஃகு நாக்குகள். ஒவ்வொன்றும் தனக்குரிய வேகத்துக்குத்தான் பலமாக அதிரும். என்ஜின் சரியான ஓட்டத்தில் இருந்தால் ஐம்பதாம் நாக்கின் வெள்ளை முனை மேலும் கீழும் நீண்டு பட்டையாகத் தெரியும், பக்கத்து நாக்குகள் லேசாக நடுங்கும். சாமி புறப்பாட்டுக்கு முன்னால் பெரியப்பா அதைத்தான் பார்ப்பார். தான் கொடுக்கும் கரண்ட் அழுக்கு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அழுக்கு என்றால் எது அழுக்கு? முதலில் அதைப் பிடித்துக்கொண்டேன். மின்துறையில் இருக்கும் நண்பரிடம் ஒரு பவர் அனலைசரை இரவல் வாங்கி மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். வோல்டேஜ் மூன்று ஃபேஸிலும் ஒத்து இருந்தது. அலைவடிவம் மழுங்காமல் வந்தது. ஃபேஸ் வரிசை மாறியிருக்குமோ என்று பார்த்தோம், மாறவில்லை. நியூட்ரல் தளர்ந்திருக்குமோ என்று செட்டின் டெர்மினல் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினோம். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி மறுபடி அளந்தோம். ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ரெகுலேட்டர் மேல் சந்தேகம் வந்து அதையும் மாற்றிப் பார்த்தான் அத்தை மகன். பணம் போனதே தவிர, சோலார் வரவில்லை. கரண்ட் துப்புரவாக இருந்தது.

வழியைக் காட்டியது ஒரு கல்யாணக் கூட்டம். அன்று ஏசி முழுக்க ஓடியது. மண்டபத்தின் லோடு 40 கிலோவாட்டைத் தொட்டபோது, அதுவரை அசையாத சோலார் இன்வர்ட்டர் தானாகச் சேர்ந்தது. மெல்ல ஏறி, இரண்டரை கிலோவாட் வந்ததும் படக்கென்று விலகியது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி சேர்ந்தது, மறுபடி விலகியது. பந்தி முடியும்வரை இதே கதை. திரையில் ஒரே காரணம்தான் வந்தது: ஃப்ரீக்வென்சி கூடுதல்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதிகளை எடுத்துப் படித்தேன். ஃப்ரீக்வென்சி 50.5 ஹெர்ட்ஸைத் தொட்டால் சோலார் 0.2 நொடிக்குள் விலக வேண்டும், எல்லாம் சீராகி 60 நொடி ஆன பிறகுதான் சேர வேண்டும் என்கின்றன அவை. மண்டபத்துச் செட்டோ லோடு இல்லாமல் ஓடும்போது 52, முழு லோடு ஏறும்போது 50. அந்தச் செட்டின் முழு லோடான ஐம்பது கிலோவாட்டுக்கு இரண்டு ஹெர்ட்ஸ் இறக்கம். கணக்குப் போட்டால், 50.5க்குக் கீழே வர என்ஜின் மேல் 37.5 கிலோவாட்டாவது இருக்க வேண்டும். 40 கிலோவாட் லோடில் சோலார் இரண்டரையைத் தன் தோளுக்கு மாற்றியதும் என்ஜினின் பாரம் குறைகிறது, வேகம் கூடுகிறது, எல்லை தாண்டுகிறது. சோலார் செய்யும் உதவியே அதை வெளியே தள்ளுகிறது.

காரணம் தெரிந்துவிட்டது. என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்க்ரூவைத் திருகி 52ஐ 50 ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அதற்காகப் பெரியப்பாவோடு வேலை பார்த்த மெக்கானிக் பெரியவரை அழைத்து வந்தேன். வந்தவர் ஸ்க்ரூவைத் தொட மறுத்தார்.

"காலியா ஓடும்போது ஐம்பத்திரெண்டு சைக்கிள் இருக்கணும் தம்பி. ஐம்பதுல வச்சீங்கன்னா, லோடு ஏறினா நாப்பத்தெட்டுக்கு இறங்கிடும். என்ஜின் அழும், மோட்டார் சூடாகும்."

"இந்த ஐம்பத்திரெண்டை யார் சொன்னது அண்ணே?"

"எனக்குக் கத்துக்கொடுத்தவர் அப்படித்தான் வச்சார்."

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. மறுபடி மறுபடி அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். காபி வரும், பெரியப்பா கதை வரும், 52 பற்றி மட்டும் பேச்சு வராது. "இறங்காத கவர்னர் வைத்தால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மில்லுல ரெண்டு செட்டை ஒண்ணா ஓட்டுவோம். ரெண்டும் விடாப்பிடியா ஐம்பதுலயே நின்னா ஒண்ணு எல்லா லோடையும் இழுத்துக்கும், இன்னொண்ணு அதைத் தள்ளப் பார்க்கும். ரெண்டும் ஒரே மாதிரி இறங்கினாத்தான் பங்கு போட்டுக்கும். அதுக்குத்தான் இறக்கம்."

என் தேடல் அங்கே திசை மாறியது. 52ஐ எப்படி ஒழிப்பது என்று அதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அது எதற்காக இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

நான்கு துருவ ஆல்டர்னேட்டர் 1500 ஆர்பிஎம்மில் சுற்றினால் 50 ஹெர்ட்ஸ், 1560இல் சுற்றினால் 52. அந்த 60 சுற்று வித்தியாசம்தான் நான்கு சதவீத இறக்கம். அதன் தாய்வேர் சுழலும் குண்டு கவர்னர். 1787இல் தாமஸ் மீட் காற்றாலைக்கான அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1788இல் லண்டன் ஆல்பியன் மில்லில் அத்தகைய கருவியைக் கண்ட போல்ட்டன், கூட்டாளி ஜேம்ஸ் வாட்டுக்குச் சொன்னார், வாட் அதை நீராவி என்ஜினுக்குக் கொண்டுவந்தார். பாரம் கூடினால் வேகம் சற்றுக் குறையும், குண்டுகள் தாழும், நீராவி கூடுதலாகத் திறக்கும். வேகம் துளி இறங்கினால்தான் கூடுதல் நீராவி கிடைக்கும் என்பதால் இறக்கம் அதன் பிறப்போடு வந்தது. 1868இல் மேக்ஸ்வெல் கவர்னர்களைப் பற்றிய கட்டுரையில் இந்த வகையையும் பழைய வேகத்துக்கே முழுதாகத் திரும்பும் வகையையும் பிரித்துக் காட்டினார். பின்னால் ஆல்டர்னேட்டர்களை இணைத்து ஓட்டியபோது, அந்த இறக்கமே தனிக் கம்பியில்லாமல் அவற்றுக்கிடையே ஓடும் செய்தியானது. வேகம் குறைந்தால் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகச் சுமக்க வேண்டும், கூடினால் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும்.

அப்படியானால் என் கேள்வி சோலாரை நோக்கித் திரும்ப வேண்டும். எல்லா ஜெனரேட்டரும் கேட்கும் செய்தியை இது மட்டும் ஏன் 'இரு' அல்லது 'போ' என்று இரண்டாகவே கேட்கிறது? ஜெர்மனி இதே கேள்வியில் மாட்டிக்கொண்ட நாடு. அங்கே சோலார்கள் 50.2 ஹெர்ட்ஸில் ஒட்டுமொத்தமாக விலகும்படி வைக்கப்பட்டிருந்தன. பேனல்கள் பெருகியதும், அவை ஒரே நொடியில் விலகினால் நாட்டின் கிரிட்டே ஆடிப்போகும் என்பது புரிந்தது. புதிய விதி, 50.2க்கு மேல் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் 40 சதவீதம் என்ற கணக்கில் மெல்லக் குறையச் சொன்னது. 2012இல் ஆணை போட்டு, சுமார் 3,15,000 பழைய சோலார் நிலையங்களைத் திருத்த வைத்தார்கள்.

ஜெர்மனிக்கு முன்பே ஒரு கிரேக்கத் தீவில் இது நடந்திருந்தது. கித்னோஸ் 1983லேயே 100 கிலோவாட் சோலார் நிலையம் கண்ட தீவு. 2001இல் அதன் ஒரு பள்ளத்தாக்கில் 12 வீடுகளுக்காகப் பேனல், பேட்டரி, டீசல் செட் மூன்றையும் இணைத்துத் தனிக் கிரிட் கட்டினார்கள். இன்வர்ட்டர்கள் ஜெர்மனியின் காசல் பகுதியிலிருந்து வந்தவை. அவற்றுக்கு 'இப்போது குறை' என்று சொல்லத் தனிக் கம்பி போடவில்லை. பேட்டரி நிறைந்ததும் பேட்டரி இன்வர்ட்டர் ஃப்ரீக்வென்சியை உயர்த்தும், பேனல் இன்வர்ட்டர்கள் அதைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளும். அந்த வழியில் வந்த கருவிகளின் கையேட்டில் எண்களைத் தேடினேன். 51 ஹெர்ட்ஸில் குறைக்கத் தொடங்கி, 52இல் சோலார் பூஜ்யம்.

கையேட்டை மூடாமல் அப்படியே பெரியவருக்கு போன் போட்டேன். என்ஜின் 52இல் "என் மேல் பாரமே இல்லை" என்கிறது. சோலார் 52இல் "அப்படியானால் நான் வேண்டாம்" என்கிறது. இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. "அதான் சொன்னேனே" என்றார் பெரியவர்.

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். மண்டபத்தின் லோடு 25 கிலோவாட் என்றால், இந்த அமைப்பில் ஃப்ரீக்வென்சி 51.4 பக்கம் நிற்கும். என்ஜின் 14, சோலார் 11. லோடே இல்லாவிட்டால் இரண்டும் பூஜ்யம். பெரியவர் மில்லில் இரண்டு செட்டு ஓட்டிய அதே பங்குதான் இது.

மண்டபத்தில் இப்போது சேஞ்ச்ஓவர் சுவிட்சிலிருந்து ஒரு காண்டாக்ட் சோலார் கன்ட்ரோலருக்குப் போகிறது. ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் இன்வர்ட்டர்கள் 51இலிருந்து மெல்லக் குறைக்கும் அந்தத் தீவு அமைப்புக்கு மாறும், ஈபி வந்ததும் பழைய எல்லைக்குத் திரும்பும். என்ஜினில் எப்போதும் 15 கிலோவாட்டுக்குக் குறையாமல் லோடு நிற்கும்படி கன்ட்ரோலர் சோலாரை மேலும் இறக்கும். முப்பது சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓடினால் டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் கறுப்பு எண்ணெய் கசியும். சோலார் மிஞ்சினால் கரண்ட் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே திரும்பி என்ஜினை இழுக்கும். கவர்னர் ஸ்க்ரூவை யாரும் தொடவில்லை.

பேனல் விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் நான் உறுதியாகச் சொல்வது இதுதான். கையெழுத்துக்கு முன்னால் உங்கள் செட்டைப் பராமரிக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, காலியில் எத்தனை சைக்கிள், முழு லோடில் எத்தனை, குறைந்தது எவ்வளவு லோடு வேண்டும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். கன்ட்ரோலரில் நிரப்ப வேண்டிய எண்கள் அவர் வாயில்தான் இருக்கின்றன. அவரைக் கேட்காமல் மாட்டிய சோலாருக்குத்தான் ஜெனரேட்டர் கரண்ட் அழுக்காகத் தெரிகிறது.