உப்புக் காற்றில் ஒரு சின்னக் கார்

தூத்துக்குடியில் இரும்புக்கு ஆயுசு கம்மி. கிழக்கே கடல், வடக்கேயும் தெற்கேயும் கண்ணெட்டும் தூரத்துக்கு உப்பளம். காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் உப்பைச் சுமந்துகொண்டுதான் வரும். சன்னல் கம்பி, சைக்கிள் ரிம், அடிபம்பின் கைப்பிடி, வாளியின் அடி என்று எங்கள் வீட்டில் துரு ஏறாத இரும்பே கிடையாது. வேறு ஊர்களில் கார் வாங்குகிறவர்கள் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் முதலில் தகரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். 1980களின் நடுவில் மாருதி 800 என்கிற சின்ன ஜப்பான் கார் எங்கள் தெருக்களில் வந்து நின்றபோது அதையும் தட்டித்தான் பார்த்தார்கள்.

அப்பா அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினார். சித்தப்பாவுக்குப் பாளை ரோட்டுப் பக்கம் ஒரு ஒர்க் ஷாப். பள்ளிக்கூடம் விட்டதும் என் கால்கள் தாமாகவே அங்கே போய்விடும். வேப்பமரத்தடியில் ஓலைச் சாய்ப்பு, மண்தரையெல்லாம் கறுத்து இறுகிய எண்ணெய், பெட்ரோலில் கழுவிப் பழந்துணியில் பரப்பி வைத்த நட்டு போல்ட்டுகள். ஓரத்தில் ஒரு பீப்பாய் நிறைய கழிவு ஆயில். மழைக்காலத்துக்கு முன்னால் எந்தக் கம்பெனி வண்டியானாலும் பள்ளத்தின் மேல் நிறுத்தி, அடிப்பக்கம் முழுக்க அந்தக் கழிவு ஆயிலை அடிப்பார்கள். எங்கள் ஆட்கள் வள்ளத்துப் பலகைக்கு மீனெண்ணெய் பூசுகிற அதே கவனம் அதில் இருக்கும். அரித்துப்போன இடத்தை வெட்டி, புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடு பூசி, பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பதுதான் அங்கே பாதி வேலை. இன்ஜின் வேலை மீதிப் பாதி.

அந்தச் சாய்ப்புக்குள் முதன்முதலாக வந்த மாருதி, எங்கள் பகுதி டாக்டருடையது. சிவப்பு நிறம். பழுது பார்க்க வரவில்லை. "ஒரு தடவ பாத்துச் சொல்லுப்பா" என்று நிறுத்திவிட்டுப் போனார். சித்தப்பா பானெட்டைத் திறந்தார். வேலைக்கு நின்ற பையன்கள், எதிர்க்கடை வெல்டர், டீக்கடைக்காரர் எல்லாரும் குனிந்தார்கள். அம்பாசிடரின் முகப்புக்குள் ஒரு ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கலாம். இதில் கைவிட இடமில்லை. இன்ஜின் நெடுக்காக இல்லாமல் குறுக்காகக் கிடந்தது.

"என்னண்ணே, மூணு பிளக்குதான் இருக்கு. ஒண்ணக் காணோம்?" என்றான் ஒரு பையன்.

"காணாமப் போவலடா. மூணு சிலிண்டர்தான்" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு அவரும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 796 சிசி. இன்ஜினின் சக்தி பின்சக்கரத்துக்குப் போகாமல் முன்சக்கரத்தையே சுற்றியது, அதனால் காரின் நடுவயிற்றில் நீளத் தண்டு கிடையாது. சாவியைத் திருகினார். தையல் மிஷின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. விடியற்காலையில் ஹேண்டில் போட்டுச் சுற்றித் தோள்பட்டை நோக நிற்கும் டாக்ஸிக்காரர்களுக்கு அந்த ஒரு திருகல் பெரிய செய்தி. ஸ்டாண்டில் ஒரு வாரம் அதே பேச்சு.

அப்பா மட்டும் அசையவில்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்கு நடுவில் வண்டி ஓட்டுகிறவர் அவர். உப்பு லாரி, நிலக்கரி லாரி, ஸ்பிக் உர லாரி. கதவைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "லாரிக்காரன் லேசா ஒரசினாலும் உள்ள இருக்கவன் என்ன ஆவான்?" என்று கேட்டார். சித்தப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வி பல வருஷம் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்தது.

இந்தக் கார் இந்தியாவுக்கு வந்த கதையைச் சித்தப்பா பாதி சொன்னார், மீதியை வளர்ந்தபின் படித்தேன். சஞ்சய் காந்தி 1971இல் தொடங்கிய மாருதி நிறுவனம் ஒழுங்காக ஒரு காரைக்கூடச் சந்தைக்குக் கொண்டுவராமல் 1977இல் கலைக்கப்பட்டது. 1981இல் மத்திய அரசு மாருதி உத்யோக் என்ற பெயரில் அதற்கு உயிர் கொடுத்தது. பொறுப்பேற்றவர் வி. கிருஷ்ணமூர்த்தி. திருச்சி பெல் ஆலையை வளர்த்து, பிறகு பெல் நிறுவனம் முழுமைக்கும் தலைவராக இருந்த தமிழர். கூட்டாளி தேடி உலகத்துப் பெரிய கம்பெனிகளின் வாசல்களில் ஏறி இறங்கினார்கள். கடைசியில் கை கொடுத்தது ஜப்பானிலேயே சின்னக் கம்பெனியாக எண்ணப்பட்ட சுசுகி. 1982 அக்டோபர் 2 அன்று ஒப்பந்தம். சுசுகியின் பங்கு 26 விழுக்காடு. பத்தாயிரம் ரூபாய் கட்டி முன்பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், அதுவும் கார் வெளிவருவதற்கு முன்பே. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தார். விலை ஏறக்குறைய 47,500 ரூபாய்.

எங்கள் வீட்டில் ஜப்பான் என்ற பெயர் காருக்கு வெகுகாலம் முன்பே புழங்கியது. நல்ல பெயராக அல்ல.

பாட்டா முத்துக்குளித்தவர். 1955 முதல் 1961 வரை எங்கள் கடலில் நடந்த முத்துக்குளிப்புகளில் கல்லைக் காலில் கோத்து இறங்கிய குளியாள்களில் ஒருவர். பார் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கடலடிப் பாறைத் திட்டுகளில் பிறகு சிப்பி விளையவில்லை, 1961தான் கடைசி. அதன்பின் சங்குக்குளிக்குப் போனார். மூச்சடக்கி மூச்சடக்கி ஒரு காது கேட்காமலே போயிருந்தது. முத்து அழிந்ததற்குச் சிப்பி விளையாததுதான் காரணம் என்று யார் சொன்னாலும் அவர் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டார். "அதுக்கு முன்னாலயே ஜப்பான்காரன் வெலய முடிச்சுட்டாம்லே" என்பார். அதில் உண்மை இருந்தது. மிக்கிமோட்டோ கோக்கிச்சி என்ற ஜப்பானியர் 1893இல் சிப்பிக்குள் கருவைச் செருகி முத்து விளைவிக்கும் வித்தையைக் கண்டார். 1920களில் அந்த வளர்ப்பு முத்து உலகச் சந்தையில் கொட்டியது. பாரசீக வளைகுடாவின் முத்து வணிகமே அதில் நொறுங்கியது. எங்கள் கரைக்கும் அந்த அலை வந்து சேர்ந்தது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் நம் விஞ்ஞானிகளே வளர்ப்பு முத்து எடுத்தார்கள். அதைச் சொன்னபோதும் பாட்டா, "கடல்ல எறங்காம எடுக்கது எப்பிடி முத்தாவும்?" என்றார்.

ஆகவே டாக்டர் கார் ஜப்பான் கார் என்று நான் வீட்டில் வந்து சொன்னதும் பாட்டாவின் முகம் சுருங்கியது. ஜப்பான் என்றால் அவருக்கு அசலைப் போலவே இருக்கும் வேறொன்று. சந்தையில் விற்ற பொம்மையும் டார்ச் லைட்டும் அந்த எண்ணத்தை மாற்றவில்லை.

மாற்றியது தொழிற்சாலைக் கதைகளும் இல்லை. ஆனாலும் அந்தக் கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதைக் கேட்டு அத்தையின் கண் விரிந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அத்தை மில்லில் வேலை பார்த்தாள். ஹார்வி சகோதரர்கள் 1888இல் தூத்துக்குடியில் தொடங்கிய மில். ஊருக்கு அது வெறும் 'மில்லு'. சங்கு ஊதினால் தெருவே நேரம் பார்க்கும். சுசுகி கம்பெனியின் கதையும் தறியில்தான் தொடங்குகிறது. அதைத் தொடங்கிய சுசுகி மிச்சியோ ஜப்பானின் ஹமமாட்சுப் பக்கத்துப் பருத்தி விவசாயி வீட்டுப் பிள்ளை, தச்சு வேலை பழகியவர், தன் அம்மாவுக்கு ஒரு தறி செய்து கொடுத்து, 1909இல் தறிக் கம்பெனி தொடங்கினார். கார் பிற்பாடு வந்ததுதான். 1952இல் மோட்டார் வைத்த சைக்கிள், 1955இல் சுசுலைட் என்ற முதல் கார். டொயோட்டாவும் அப்படித் தறியிலிருந்து வந்ததுதான். டொயோடா சாகிச்சியின் தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். பழுதான துணி ஒரு முழம்கூடக் கீழே இறங்காது. சித்தப்பா இதை எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்து சொன்னார். அத்தை, "அறுந்த நூல நாங்க ஓடி ஓடித்தானே முடியுதோம்" என்றாள். பழுதைக் கண்டதும் நிறுத்து, அடுத்த கைக்குப் போகவிடாதே என்ற அந்தத் தறிப் பழக்கம்தான் ஜப்பான் கார்களின் நற்பெயருக்கு ஊற்றுக்கண் என்று நான் உறுதியாக நம்புகிறேன். விளம்பரத்தைப் பார்த்தெல்லாம் எங்கள் ஒர்க் ஷாப்பில் யாரும் எதையும் நம்பியதில்லை.

சித்தப்பா நம்பியது கையால். புது பாகத்தை எடுத்துப் பொருத்தும்போது அரம் போட்டுத் தேய்க்க வேண்டுமா, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டுமா என்று பார்ப்பார். அதுவரை அவர் கைக்கு வந்த பாகங்களில் பெரும்பாலும் இரண்டும் தேவைப்பட்டன. அளவு ஒன்றாக இருந்தாலும் ஒன்று போல ஒன்று இராது. மாருதியின் பாகம் உட்கார வேண்டிய இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ஒருநாள் அப்படி ஒரு கிளட்ச் பிளேட் மாட்டிவிட்டு, ஸ்பானரைக் கீழே வைத்து, "இத செஞ்சவன் என்ன மாதிரி ஒரு மெக்கானிக்க நெனச்சுச் செஞ்சிருக்காம்லே" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

தொடக்கத்தில் பாகங்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்தே வந்தது. 1985க்குப் பிறகு யென்னின் மதிப்பு மளமளவென்று ஏற, இறக்குமதிப் பாகங்களின் விலையும் ஏறியது. உள்ளூரிலேயே செய்தாக வேண்டிய கட்டாயம். எதையும் செய்து கொடுத்துவிட்டால் வாங்கிக்கொள்வார்கள் என்றிருந்த பல பட்டறைகள் அப்போதுதான் மறுபடி அளக்கக் கற்றன. அந்தப் பாடம் தமிழ்நாட்டில் ஆழமாக இறங்கியது. எங்கள் நெல்லைச் சீமைத் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் குழுமம் ஓசூரில் சுசுகியோடு சேர்ந்து இண்ட்-சுசுகி பைக் செய்தது; சித்தப்பாவே பிறகு ஒன்று வாங்கினார். அதே குழுமத்தின் சென்னைப் பாடி ஆலை, சுந்தரம் கிளேட்டன், பிரேக் பாகங்களின் தரத்துக்காக 1998இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. இந்தியாவில் முதல்முறை.

பாட்டா மாறியது ஒரு ராத்திரியில். தங்கச்சிக்கு மூச்சிரைப்பு வந்து உதடு நீலம் பாரித்துவிட்டது. அப்பா சவாரியாக மதுரைக்குப் போயிருந்தார். நல்ல மழை. தெருமுனையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் மாருதி வேன் நின்றது. 1984இல் வந்த வண்டி அது, பிறகு ஆம்னி என்று பெயர் வைத்தார்கள். எங்களுக்குக் கடைசிவரை மாருதி வேன்தான். வேன்காரர் கைலியோடு ஓடிவந்தார். பக்கக் கதவை இழுத்துத் திறந்ததும் அம்மா தங்கச்சியை மடியில் கிடத்திக்கொண்டாள், பாட்டாவும் நானும் பின்னால் ஏறினோம். முன்சீட்டுக்கு அடியில் இன்ஜின், அதன் சூடு ஈரக்காலுக்கு இதமாக இருந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். பாட்டா ஒவ்வொரு பள்ளத்திலும் "நிக்கும், இப்ப நிக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வாகைக்குளம் தாண்டினோம், வல்லநாடு தாண்டினோம், தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டினோம். வண்டி பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் நின்றது.

விடியற்காலையில் தங்கச்சிக்கு மூச்சு சீரானபின் பாட்டா வெளியே வந்து வேனைச் சுற்றி நடந்தார். பின்பக்கம் எழுதியிருந்ததை என்னிடம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "அவங்கிட்ட நல்லதும் இருக்கு" என்றார். முத்தைப் பற்றிய பேச்சை அவர் கைவிடவில்லை; ஆனால் அதற்குப் பிறகு ஜப்பான் என்ற பெயரைச் சொல்லும்போது துப்புகிற மாதிரி சொல்வதில்லை.

அப்பாவின் கேள்வி மட்டும் நியாயமாகவே மீந்திருந்தது. 2014 ஜனவரியில் இரண்டு செய்திகள் வந்தன. மாருதி 800 தயாரிப்பு முடிந்தது. முப்பது ஆண்டுகளில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள். அதே மாதம், குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியச் சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவைத்துச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. மாருதி 800இன் வாரிசான ஆல்டோ 800 உட்பட ஐந்து கார்களுக்கும் பெரியவர்களின் பாதுகாப்பில் பூஜ்ஜியம். வேறு கம்பெனிகளின் கார்களும் அதில் இருந்தன. பெருவிரலால் கதவை அழுத்திப் பார்த்த ஒரு டாக்ஸிக்காரர் முப்பது வருஷத்துக்கு முன் கேட்டதை இந்த நாடு சட்டமாக்க 2017 வரை ஆனது. அந்த அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயம். மலிவும் நம்பகமும் போதும் என்று அத்தனை காலம் நாம் இருந்தது தவறு. தறியில் நூல் அறுந்ததும் நிறுத்தத் தெரிந்தவர்களிடம் இதையும் அன்றே கேட்டிருக்க வேண்டும், கேட்டால் செய்திருப்பார்கள்.

சுசுகி கம்பெனியை இந்தியாவுக்குக் கொண்டுவந்த அதன் தலைவர் சுசுகி ஒசாமு 2024 டிசம்பரில், 94 வயதில் காலமானார். மறு ஆண்டு இந்தியா அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது. சித்தப்பா செய்தித்தாளில் வந்த அவர் படத்தை வெட்டி ஒர்க் ஷாப் சுவரில், பனிமய மாதா காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

இப்போது எங்கள் ஊரிலேயே கார் செய்கிறார்கள். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கம்பெனி சிப்காட்டில் கட்டிய மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார் செய்யும் திறன். முதலமைச்சர் வந்தார், தெருவெல்லாம் தோரணம். ஒர்க் ஷாப்பை இப்போது பார்த்துக்கொள்ளும் சித்தப்பா மகனிடம், வண்டி எப்படி என்று கேட்டேன். டயரின் நட்டைக் கழற்றிக்கொண்டே, "மொதல்ல ஒண்ணு நம்ம கைக்கு வரட்டும்ணே, தொறந்து பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றான்.