கண்ணாடிக் குழாயும் கரிசல் காடும்

பரப்பு இழுவிசை காணும் செய்முறையில் எனக்குக் கிடைத்த விடை மீட்டருக்கு 0.051 நியூட்டன். வர வேண்டியதோ 0.072. "கணக்கைத் திருப்பிப் போட்டுவிடு" என்று பக்கத்து மேசை நண்பன் காதோடு சொன்னான். போட்டும் விட்டேன். எந்த உயரம் இருந்தால் புத்தக விடை வருமோ, அந்த உயரத்தையே அளந்ததாக எழுதினேன். ஆண்டு மலரில் ஒப்புக்கொள்ளும் விஷயமா இது என்று நண்பர்கள் கேட்கலாம். இதை விட்டால் மற்றதைச் சொல்ல வழியில்லை.

பேராசிரியர் நோட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "தம்பி, இதைக் கழுவினாயா?" என்று மட்டும் கேட்டார். கழுவவில்லை. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே ஒட்டியிருந்தால் நீர் கண்ணாடியைச் சரியாகப் பற்றாது. ஏற வேண்டிய உயரம் ஏறாது. நைட்ரிக் அமிலத்திலும், பிறகு காஸ்டிக் சோடாவிலும், பிறகு நல்ல நீரிலும் கழுவச் சொன்னார். அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள அந்தக் குழாயில் இப்போது நீர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் ஏறி நின்றது. பக்கத்தில் நின்றவர், "உனக்குக் கரிசல் காடுதானே? உங்கள் நிலத்தில் இந்தக் குழாய்கள் கோடிக்கணக்கில் இருக்குமே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். மானாவாரிப் பருத்தி. போன மார்கழியில், மழை ஓய்ந்த பின், விடுமுறைக்குப் போயிருந்தேன். அய்யா களைக்கொத்தியை நீட்டினார். காட்டில் களை பெரிதாக இல்லை. "எதற்குக் கொத்த வேண்டும்?" என்றேன்.

"மண்ணு வாயத் தெறந்துக்கிட்டுக் கெடக்குலே. கொத்தி மூடலேன்னா ஈரம் பூராம் போயிரும்."

"மண்ணுக்கு ஏது வாய்?" என்று சிரித்துவிட்டு, பரீட்சையைக் காட்டி மறுநாள் பஸ் ஏறிவிட்டேன். கூலிக்கு ஆள் வைக்கக் கையில் காசில்லை. அய்யாவும் அம்மாவுமாகக் கொத்தியது பாதிக் காடுதான்.

அந்த வாய் எது என்பதை ஆய்வுக்கூடத்தில்தான் புரிந்துகொண்டேன். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். இதை ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேயர் 1718-ல் எழுதி வைத்தார். ஆரம் நூறில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஏறக்கூடிய உயரம் ஒன்றரை மீட்டர் (மிக மெதுவாகத்தான் ஏறும்). மழை பெய்ததும் பெரிய துளைகளில் உள்ள நீர் கீழே வடிந்துவிடுகிறது. சிறு துளைகளில் உள்ளது புவியீர்ப்புக்கும் அசையாமல் தொங்குகிறது. பயிர் குடிப்பது அதைத்தான். ஆனால் மேல்மண் வெயிலில் காயக் காய, அதே துளைகள் கீழ் ஈரத்தை மேலே இழுத்துக் காற்றுக்குக் கொடுத்துவிடுகின்றன. இரண்டு அங்குலம் கொத்திப் பொலபொலவென்று ஆக்கினால் அந்த இடத்தில் துளைகள் பெரிதாகின்றன, தொடர்பு அறுகிறது. கரிசலில் வெடிப்பும் மூடுகிறது. வெடிப்பின் பக்கச் சுவர் வழியே ஈரம் போவது பெரிய நஷ்டம்.

இன்னொன்றும் அறிந்தேன். களிமண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடுகிறதே, அது ஏன்? ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள துளையிலிருந்து நீரைப் பிடுங்க ஏறக்குறைய 14 வளிமண்டல அழுத்தம் வேண்டும். பெரும்பாலான பயிர்கள் 15-ஐ ஒட்டித் தோற்றுவிடுகின்றன. கஞ்சனிடம் கடன் கேட்ட கதைதான்.

தை முழுவதும் ஒரு துளி இல்லை. கொத்திய பாதியில் காய் நின்றது. கொத்தாத பாதி பழுத்து, பிஞ்சு உதிர்ந்தது. அந்தப் பக்கம் இருந்த கொஞ்சக் களையும் குடித்திருக்கும். ஆகவே எல்லாம் நுண்புழையின் வேலை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு முறை பொய் அளவு எழுதியது போதும். அய்யா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாதான், கல்லூரிச் சம்பளம் கட்டக் கம்மலை அடகு வைக்கும்போது, "பாதிக் காடு போச்சு" என்றாள்.

மாசியில் ஊருக்குப் போனபோது ஒரு குழாயையும் டம்ளரில் நீரையும் வைத்து அய்யாவுக்குக் காட்டினேன். நீர் தானாக ஏறுவதைக் குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"சரி, வர்ற மார்கழிக்கு வருவியா?" என்றார்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பரீட்சைத் தேதி இன்னும் தெரியவில்லை.