செம்பு தட்டியவர்களின் காது

மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தை கூடும் பிராத்தோ தெல்லா வல்லே மைதானத்துக்கு விருந்தினர்களை அழைத்துப் போயிருந்தேன், செவி ஆராய்ச்சி மாநாடு இத்தாலியின் பதுவையில் நடந்துகொண்டிருந்தது, ஊர் சுற்றிக்காட்டும் பொறுப்பு என்னுடையது, கால்வாயின் இரு கரையிலும் நிற்கும் 78 சிலைகளை அவர்கள் கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருக்க, ஒரு கிழவர் பொலெந்தா என்னும் மக்காச்சோளக் களி கிளறும் செப்புக் கொப்பரையை வினிகரும் உப்பும் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார், செம்பில் புளிப்பு பட்டுக் கிளம்பிய அந்த வாடையில் நான் கும்பகோணத்தில் தாத்தாவின் பட்டறைக்குப் போய்விட்டேன்.

அங்கே அது புளி. உலைக்கரியின் புகை, ஈயம் பூசும்போது கண்ணைக் கரிக்கும் நவச்சாரப் புகை, கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் வெயில் தவலையின் வயிற்றில் பட்டுச் சுவரெல்லாம் ஆடும், தாத்தா குத்துக்காலிட்டு உட்கார்ந்து தவலையைத் திருப்பித் திருப்பித் தட்டிக்கொண்டேயிருப்பார், இருட்டும்வரை. அவருக்குக் கோயில் தவில் கேட்கும், பேத்தி பேசினால் கேட்காது. இரைச்சலில் முதலில் அழிவது மேல் சுருதிகளைப் பிடிக்கும் மயிரணுக்கள், 4,000 ஹெர்ட்ஸை ஒட்டியவை, அவை போனால் உயிரோசை எட்டும், ச, த, க எல்லாம் நழுவிவிடும், யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. இதையெல்லாம் நான் பின்னால் படித்தேன், பாட்டிக்குப் படிக்காமலே தெரிந்திருந்தது. அவள் ஒருநாளும் கத்தியதில்லை, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரே வருவாள், முழங்காலைத் தொடுவாள், வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்றுகொண்டு, அவர் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள்.

பதுவையில் 1700 முதல் மருத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்தினோ ரமாத்ஸினி, தன் தொழில்நோய் நூலின் 1713-ஆம் ஆண்டு விரிவான பதிப்பில், வெனிஸில் ஒரே வட்டாரத்தில் குடியிருந்து நாளெல்லாம் செம்பு தட்டியவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார், அவர்கள் காது மந்தமாகிறது, வயது ஏறினால் முழுச் செவிடாகிறார்கள் என்று. நோயாளியிடம் என்ன வேலை செய்கிறாய் என்றும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர், தாத்தாவிடம் எந்த மருத்துவரும் அதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மறுநாள் பலாத்ஸோ போ என்ற பல்கலைக்கழகக் கட்டடத்திலுள்ள 1595-ஆம் ஆண்டு உடற்கூறு அரங்கைப் பார்த்தோம், ஆறு அடுக்கு நீள்வட்ட மரக்கூடு, மாணவர்கள் நெருக்கியடித்து நின்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கீழே பார்த்த இடம். உட்செவியின் நத்தைச்சுருளுக்குப் பெயர் வைத்த ஃபலோப்பியோவும் இவ்வூரில் கற்பித்தவர்தான். அரங்கத்து மரத்தில் கைபட்டு மழுங்கிய இடங்களை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றிருந்தது, அதற்குள் நேரமாகிவிட்டது.

மாநாட்டுக் கூடத்தில் எல்லாம் திரையில் ஓடியது. கோழிக்குஞ்சுக்கு அழிந்த மயிரணு மறுபடி முளைக்கிறது, மனிதருக்கு ஒரு காதில் பிறக்கும்போதுள்ள சுமார் 15,000-தான் கணக்கு, போனால் போனதுதான், இதை மாற்றப் பல ஊர்களில் உழைக்கிறார்கள், அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் பேசியவர்கள் பலரும் திரையைப் பார்த்தே பேசினார்கள், முதுகு எங்கள் பக்கம்.

இரவு விருந்து கல்வளைவுக் கூரையின் கீழே, அழகான கூடம், தட்டும் கரண்டியும் பேச்சும் ஒன்றாகச் சேர்ந்து திரும்பத் திரும்ப எதிரொலித்தன. செவித்துறையிலேயே ஆயுளைக் கழித்த முதியவர் ஒருவர், இரண்டு காதிலும் கருவி, ஓரமாக உட்கார்ந்து எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்துக்கொண்டிருந்தார், தாத்தா கல்யாணப் பந்திகளில் சிரிக்கிற அதே சிரிப்பு. நாற்காலியை எடுத்துப்போய் அவருக்கு நேரே போட்டேன், விளக்கு என் முகத்தில் விழட்டும் என்று கொஞ்சம் திருப்பி உட்கார்ந்து, தோளைத் தொட்டு, அவர் பார்த்த பிறகு கொப்பரையில் தொடங்கித் தாத்தா கதையைச் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தட்டுவார் என்றுதான் முதலில் கேட்டார், பிறகு கூட இருந்தவர்களுக்கு எப்படி என்று, பக்கத்துப் பட்டறைக்காரர், எதிர்ப் பட்டறைக்காரர், துருத்தி ஊதிய பையன் என்று ஒவ்வொருவராக நினைவுக்குக் கொண்டுவந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவே ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினேன், நாளைய விருந்தைக் கம்பளம் விரித்த சின்ன அறைகளுக்கு மாற்றலாம், மேசைக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம், பேசுகிறவர்கள் அவையைப் பார்த்துப் பேசட்டும்.