ஓர் எண்ணும் ஒரு மனிதரும்

நோயுற்றோரைச் சந்திக்க இல்லங்களுக்குச் செல்லும்போது, கணையப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் வீடுகளில் ஓர் எண்ணைப் பற்றிய பேச்சையே அதிகம் கேட்கிறேன். இரத்தப் பரிசோதனைத் தாளில் 'சி.ஏ. 19-9' என்பதற்கு எதிரே அச்சாகும் எண் அது. இறங்கினால் வீடே மலர்கிறது. ஏறினால் யாருக்கும் சோறு இறங்குவதில்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள விஸ்டார் ஆய்வு நிலையத்தில், ஹிலாரி கோப்ரோவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வின் வழியாக 1979-இல் அறியப்பட்ட பொருள் இது. கணையப் புற்றணுக்கள் பெரும்பாலும் இதனை இரத்தத்தில் கலக்கின்றன. மில்லிலிட்டருக்கு 37 அலகு வரை இயல்பு என்பர். சிகிச்சைக்கு முன்பும், பின்னர் இடைவெளி விட்டும் அளந்து ஒப்பிடுவர். தொடர்ந்து இறங்குமாயின், மருந்து பயன் தருகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஆயினும் அடையாளம் தீர்ப்பாகிவிடாது. பித்தநாளம் அடைபட்டுக் காமாலை கண்டால், புற்று வளராமலேயே எண் உயரக்கூடும். அடைப்பு நீங்கினால் தணியும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கோ, பிறவியிலேயே அமைந்த இரத்த வகையின் காரணமாக இப்பொருள் உருவாவதே அரிது. அவர்களுக்கு நோய் வளர்ந்தாலும் எண் தாழ்ந்தே நிற்கும். எனவேதான் மருத்துவர்கள் ஸ்கேன் படத்தையும் நோயாளியின் எடை, பசி, வலி ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கின்றனர்.

திருநூலின் ஒரு வசனத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பொருள் கொள்ளலாகாது. முன்னும் பின்னும் படிக்க வேண்டும் என்று குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தனர். இந்த எண்ணுக்கும் அது பொருந்தும்.

ஒருமுறை நோயாளி ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "சாமி, எல்லாரும் தாளைத்தான் பாக்குறாங்க. என்னை யாரும் பாக்கலை" என்றார். அன்று அவருடைய எண் இறங்கியிருந்தது. பிள்ளைகள் மகிழ்ச்சியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தனர். அவரோ இரவு முழுவதும் வலியால் உறங்காதிருந்தார்.

அன்பர்களே, பரிசோதனையை வெறுக்க வேண்டாம். இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் செய்யுங்கள். ஆய்வு முறை மாறினால் எண்ணும் மாறும். சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவரிடமே கேட்டறியுங்கள். ஆனால் தாளைப் பிரிக்குமுன் நோயாளியின் அருகில் அமர்ந்து, "இரவு தூங்கினீர்களா?" என்று கேளுங்கள். அந்த விடையையும் மருத்துவரிடம் மறவாமல் கொண்டு செல்லுங்கள்.