மழைச் செய்தியும் கமக்காரனும்

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத நாடு நமது குடாநாடு. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை இங்கே பெய்கிறது. அதிற் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி முடிவதற்குள் விழுந்துவிடுகிறது. விழுந்த நீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கிக் கிணறுகளில் ஊறும். அந்தக் கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்து, அவற்றை விற்ற பணத்திலே பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நம் பெற்றோர். அவ்வாறு படித்த பிள்ளைகளுள் நானும் ஒருவன். அந்தப் படிப்பு படிப்பித்தவர்களின் தோட்டத்துக்கு என்ன கைம்மாறு செய்தது என்று என்னை நானே கேட்கும்படி ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது.

2020ஆம் ஆண்டு கார்த்திகை மாத நடுப்பகுதி. வங்காள விரிகுடாவிலே புரெவி என்று பெயரிடப்பட்ட புயல் உருவாகி நம் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல்கள் வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் அடுத்தடுத்து வந்தன. பலத்த காற்று, மிகப் பலத்த மழை, கடற்கொந்தளிப்பு ஆகிய மூன்றையும் அவை கூறின.

என் தகப்பனாருக்கு நீர்வேலிப் பக்கத்திலே வாழைத் தோட்டம் உண்டு. 1964ஆம் ஆண்டு டிசெம்பரிலே தனுஷ்கோடியை அழித்து, நமது வடபகுதியையும் கலக்கிச் சென்ற புயலை இளமையிற் கண்டவர் அவர். ஆகவே எங்கள் வீட்டிலே புயல் என்றால் காற்று என்ற ஒரே பொருள்தான். நானும் என் தம்பியும் இரண்டு நாளாக வாழைகளுக்கு முட்டுக் கொடுத்தோம்; குலைகளைக் கயிற்றாற் பிணித்தோம்.

அப்பொழுது அடுத்த காணிக்காரி ஒருவர் வேலியருகே வந்து நின்றார். உறவில்லையாயினும் நான் சிறுவயது முதல் மாமி என்று அழைப்பவர். காதிற் கிடந்ததை அடைவு வைத்து, விதை வெங்காயம் வாங்கி, மூன்று கிழமைக்கு முன்னர்தான் நட்டிருந்தார்.

"தம்பி, போனிலை என்ன போட்டிருக்கு? வடிவாப் பாத்துச் சொல்லும்."

"காத்துத்தான் மாமி, பலமா வரப்போகுது. வாழையளுக்கு முட்டுக் குடுத்து வையுங்கோ. இரவிலை வெளியிலை போகாதையுங்கோ" என்றேன்.

அவர் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய காணியிலே ஒரு வாழைதானும் இல்லை என்பது அப்பொழுது என் சிந்தையில் தோன்றவில்லை.

டிசெம்பர் 2ஆந் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே புயல் கரையேறியது. எங்கள் பக்கத்திலே அஞ்சிய அளவு காற்று வீசவில்லை. வாழைகள் பெரும்பாலும் தப்பின. ஆனால் தீவைக் கடந்த புயல் மன்னார் வளைகுடாவிலே வலுக்குன்றி, நகராது தங்கிவிட்டது. அதனால் நாட்கணக்காக மழை கொட்டிற்று. மாமியின் காணி பள்ளக் காணி. பாத்தி எது, வாய்க்கால் எது என்று தெரியாதபடி நீர் நின்றது. நீர் வடிந்தபோது வெங்காயம் அழுகிக் கிடந்தது.

நான் தலை குனிந்து நின்றேன். அவரோ, "பிழை என்னிலைதான், தம்பி. நான் வெங்காயத்தைப் பற்றிக் கேக்கேல்லை" என்றார். அவர் என்னை ஏசியிருந்தால் என் மனம் ஓரளவு ஆறியிருக்கும்.

முன்கூட்டி அறிந்திருந்தாலும் அந்தப் பயிர் முழுவதையும் காத்திருக்க முடியாதென்பது உண்மையே. எனினும் ஒரு பகலில் ஒரு வடிகால் வெட்டியிருந்தால் மேட்டுப்புறப் பாத்திகளாவது தப்பியிருக்கும். அறிவித்தலிலே மழையும் சொல்லப்பட்டிருந்தது. அதைப் படித்த நான், எனக்கு அச்சந் தந்த பகுதியை மட்டும் எடுத்து, என் தோட்டத்துக்கு ஏற்ற விடையை அவருடைய தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்று முதல் இதைப்பற்றிச் சிந்தித்து வருகிறேன். நம்மிடம் வானிலைச் செய்திக்குப் பஞ்சமில்லை. 1907ஆம் ஆண்டிலே கொழும்பில் நிறுவப்பட்ட அவதான நிலையத்தின் வழிவந்தது இன்றைய வளிமண்டலவியல் திணைக்களம். திருநெல்வேலியிலே அதன் நிலையம் ஒன்று இயங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா வடக்குக் கிழக்குக்குரிய எதிர்வுகூறல்களைத் தமிழிலே எழுதி வருகிறார். அவற்றைப் பலர் நாடிப் படிக்கின்றனர். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் எண்ணுக்குப் பேசி ஆலோசனை கேட்கலாம். இவ்வளவு இருந்தும், செய்தி வேலிவரை வந்து அங்கே நின்றுவிடுகிறது.

பஞ்சாங்கம் ஏன் அவ்வாறு நிற்கவில்லை? வாக்கியமாயினும் திருக்கணிதமாயினும் சித்திரைக்கு முன்னரே அது வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதன் மழைக்குறிப்பு முழு நாட்டுக்கும் பொதுவானது. ஒரு காணிக்கு அது போதாது. என் தகப்பனாரும் பஞ்சாங்கத்தை மட்டும் நம்பியவரல்லர். சோளகம் ஓய்ந்து காற்றுத் திரும்புவதையும், கீழ்வானத்து மின்னலையும், எறும்பு முட்டை காவுவதையும் பார்த்தே புழுதி விதைப்பைத் தொடங்குவார். ஆனால் பஞ்சாங்கத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. இன்ன நாளில் விதைக்கலாம், இன்ன நாளில் புதிர் எடுக்கலாம் என்று செயலைப்பற்றி அது பேசுகிறது. வானிலை அறிவித்தலோ வானத்தைப்பற்றிப் பேசுகிறது. கமக்காரனுக்கு வேண்டியது வானத்தின் நிலை மட்டுமன்று. அந்த நிலையில் அவன் கை என்ன செய்ய வேண்டும் என்பதுமாகும்.

இக்குறை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆபிரிக்காவிலே 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் பெருவறட்சி கண்ட நாடுகளுள் மாலியும் ஒன்று. அந்நாட்டு வானிலைத் துறையினர் 1982இல் ஒரு முயற்சியைத் தொடங்கினர். கமக்காரர் கையிலே எளிய மழைமானிகளைக் கொடுத்தனர். பெய்த மழையின் அளவைக்கொண்டு எப்பொழுது எந்தப் பயிரை விதைக்கலாம் என்று காட்டும் அட்டவணைகளை ஆக்கினர். வானொலியிலே அவ்வவ்விடத்து மொழிகளிற் செய்தி சொல்லினர். பிற்காலத்திலே இங்கிலாந்தின் றெடிங் பல்கலைக்கழகத்தார் வகுத்த வேறொரு முறை கானா, மலாவி, றுவாண்டா முதலிய நாடுகளிற் கையாளப்பட்டது. கமக்காரரின் சொந்த ஊரிலே கடந்த பல ஆண்டுகளிற் பெய்த மழையைப் படமாக வரைந்து அவர்முன் வைப்பார்கள். மாரி எத்தனை ஆண்டுகளிற் பிந்தியது, எத்தனை ஆண்டுகளில் இடையிலே ஓய்ந்தது என்பதை அவரே எண்ணிப் பார்ப்பார். எதை, எப்பொழுது விதைப்பது என்ற முடிவும் அவருடையதே.

இதிலே இரண்டு உண்மைகளைக் கண்டேன். மழை வரும் என்று ஆணையிட்டுச் சொல்வதைவிட, வரக்கூடும், வராமலும் போகலாம் என்று ஐயத்தையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. பத்து மாரியில் ஏழு மாரி இப்படியிருந்தது என்றால், எஞ்சிய மூன்றுக்கும் தன் முதல் தாங்குமா என்று கமக்காரன் கணக்குப் பார்ப்பான். அந்தக் கணக்கு அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மற்றையது, இடத்தின் வேறுபாடு. கோப்பாயிற் கொட்டும் மழை தென்மராட்சியிலே தூறலாக முடியலாம். ஒரே ஊரில் மேட்டுக்காணிக்கு நன்மையான மழை பள்ளக்காணிக்குக் கேடாகலாம்.

மாணவர்களே, உங்கள் பாடசாலை முற்றத்திலே ஒரு மழைமானியை நாட்டுங்கள். காலைதோறும் அளந்து ஒரு கொப்பியிற் குறித்து வாருங்கள். உங்களுக்குப் பின் வருவோரும் குறித்து வந்தால், சில ஆண்டுகளில் அந்தக் கொப்பி உங்கள் ஊருக்கே உரிய செல்வமாகும். வீட்டிலே கைத்தொலைபேசியில் அறிவித்தலைப் படித்துக் காட்டும்போது, முழுவதையும் படித்துக் காட்டுங்கள். படிக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வி எதுவென்பதை நான் பிந்தித்தான் கற்றுக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு ஐப்பசியிலே மாமி மறுபடியும் வேலியருகே வந்தார். "போனிலை என்ன போட்டிருக்கு, தம்பி?"

"இப்ப உங்கடை காணியிலை என்ன நிக்குது, மாமி?" என்றேன்.

அவர் என்னைச் சற்றே வியப்புடன் பார்த்தார். "கத்தரி பூத்திருக்கு. வெங்காயம் இன்னும் நடேல்லை. நடட்டோ, பொறுக்கட்டோ?"

மூன்று நாளிலே பலத்த மழை வரக்கூடும் என்கிறார்கள், வராமலும் விடலாம், வந்தால் உங்கள் பள்ளத்திலே நீர் நிற்கும் என்று உள்ளபடி சொன்னேன். சிறிது நேரம் நிலத்தைப் பார்த்து நின்றார். "அப்ப நாலு நாள் பொறுப்பம்" என்றார்.

மழை வந்தது; ஆனால் சொன்னதிற் பாதிதான். நான் சற்றுக் கூச்சத்துடன் அவரிடம் போனேன். அவர் பாத்திக்குப் பக்கத்திலே வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார். "நாலு நாள்தானே, தம்பி. காதிலை கிடந்ததைவிடப் பெரிசோ?" என்று கூறிச் சிரித்தார்.