கௌரியின் புல்வெளியில் பனிமலை வழிகாட்டிகள்

காஷ்மீரப் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரின் மடியில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது குல்மார்க். இதன் பழம்பெயர் கௌரிமார்க். மலைமேல் விரிந்த புல்வெளியைக் காஷ்மீர மக்கள் 'மார்க்' என்பார்கள். இமவான் மகளாகிய கௌரியின் பெயரால் வழங்கிய இவ்வெளிக்கு, 16ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தை ஆண்ட யூசுஃப் ஷா 'மலர்வெளி' என்னும் பொருளில் குல்மார்க் எனப் பெயர் சூட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

வெளியின் நடுவே ஒரு சிறு குன்று. அதன்மேல் சிவாலயம். மகாராஜா ஹரிசிங்கின் தேவியார் மோகினிபாய் சிசோதியா எழுப்பிய இக்கோயிலை 'மகாராணி கோயில்' என்று அழைக்கிறார்கள். குல்மார்க்கின் எந்த மூலையில் நின்றாலும் கண்ணில் படும்படி அமைந்த ஆலயம் இது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் நேர்ந்த தீ விபத்தில் இதன் மேற்கூரை எரிந்து பெருஞ்சேதம் உண்டாயிற்று. அச்செய்தி கேட்டு வருந்தியவர்களுள் அவ்வூர் முஸ்லிம் மக்களும் உண்டு. பனிக்காலத்தில் இந்தக் குன்றும் கோயிலும் வெண்ணீறு பூசியதுபோல் விளங்குவதைக் கண்டவர்கள், சிவபெருமானுக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் வேறில்லை என்பார்கள்.

கோடையில் குதிரைச் சவாரிக்கும் மலர்க்காட்சிக்கும் பெயர்பெற்ற இவ்வூர், பனிக்காலத்தில் வேறொரு தொழிலின் களமாகிறது. அதுவே பனிமலை வழிகாட்டிகளின் தொழில்.

நாற்பது நாள் கடுங்குளிர்

டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கும் நாற்பது நாட்களைக் காஷ்மீர மக்கள் 'சில்லாய் கலான்' என்பார்கள். பெருங்குளிர் என்பது பொருள். அதையடுத்து இருபது நாள் சிறுகுளிர், பத்து நாள் குழந்தைக் குளிர் என மேலும் இரண்டு பகுப்புகள் உண்டு. நம்மூரில் அக்கினி நட்சத்திரத்தை நாள் குறித்து எண்ணுவதுபோல் அங்கே குளிரை எண்ணுகிறார்கள். அந்த நாட்களில் பெய்யும் பனிதான் உறுதியாகத் தங்கி, கோடையில் உருகி, ஓடைகளுக்கும் வயல்களுக்கும் நீராகிறது.

குல்மார்க்குக்கு மேலே அஃபர்வத் என்னும் மலை நிற்கிறது. பழனியில் இருப்பதுபோன்ற கம்பிவட ஊர்தி இங்கும் உண்டு. முதல் கட்டம் கோங்டூரி வரை செல்லும். இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு சேர்க்கும். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து 8,126 மீட்டர் உயரமுள்ள நங்க பர்வதத்தைத் தரிசிக்கலாம்.

அந்த உச்சியிலிருந்து பலகையின்மேல் நின்று பனியில் வழுக்கி இறங்குவதற்காகவே பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். இரு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துக்கொண்டு, அலைமேல் மிதப்பதுபோல் சரிவில் இறங்கும் இவ்விளையாட்டுக்கு ஸ்னோபோர்டு என்று பெயர். 1965இல் அமெரிக்காவில் ஒரு தந்தை தம் பெண்குழந்தைகளுக்காகச் செய்துகொடுத்த விளையாட்டுப் பலகையிலிருந்து வளர்ந்த இது, 1998இல் ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றது. காவலர்கள் சோதித்துத் திறந்துவிடும் சரிவுகள் சிறிதளவே. அவற்றுக்கு அப்பால், மனிதர் எவரும் கால் வைக்காத பனிவெளி பரந்து கிடக்கிறது. அங்கே போக விரும்புவோர்க்கு ஒரு வழிகாட்டி இன்றியமையாதவர்.

வழிகாட்டியின் ஒரு நாள்

இவ்வழிகாட்டிகளுள் பெரும்பாலோர் தங்மார்க்கிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் பிறந்தவர்கள். குதிரை நடத்துவதும், பனியில் சறுக்குவண்டி இழுப்பதும் அப்பகுதியின் பழைய பிழைப்பு. அத்தகைய வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று பனிப்பலகையில் தேர்ந்தவர்களாய் விளங்குகிறார்கள்.

உப்புத் தேநீரும் ரொட்டியும் உண்டு, விடியும் முன்பே வழிகாட்டி வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறார். இரவு எவ்வளவு பனி விழுந்தது? காற்று எத்திசையிலிருந்து அடித்தது? குளிர் கூடியதா, குறைந்ததா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னரே மற்றவை. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டுபோய் மறுபக்கத்தில் குவித்துவிடும். பார்வைக்கு மெத்தைபோல் அழகாகத் தோன்றும் அந்தக் குவியலே பெரும்பாலும் ஆபத்தின் இருப்பிடம்.

புறப்படுமுன் உடன்வரும் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள் உள்ளனவா என்று அவர் சோதிக்கிறார். வானொலி அலையை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் சிறு கருவி ஒன்று. மடித்து விரிக்கத்தக்க நீண்ட துழாவு கம்பி ஒன்று. பனியைத் தோண்டுவதற்கான சிறிய மண்வாரி ஒன்று. பனிச்சரிவில் ஒருவர் புதையுண்டால், மற்றவர்கள் கருவியால் இடத்தை அறிந்து, கம்பியால் ஆழத்தை அறிந்து, வாரியால் தோண்ட வேண்டும். ஏறத்தாழ கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. அதைக் கடந்தால் வாய்ப்பு விரைவாகக் குறைந்துவிடும். ஊரிலிருந்து உதவி வருவதற்குள் அந்த நேரம் கழிந்துவிடும் என்பதால், உடன் இருப்பவர்களே ஒருவருக்கொருவர் காவல்.

ஊர்தி செல்லாத இடங்களுக்கு நடந்தே ஏற வேண்டும். அதற்கென நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் பலகைகள் உள்ளன. பிரித்த பலகைகளின் அடியில், முன்னே வழுக்கிப் பின்னே பிடித்துக்கொள்ளும் மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டால், சறுக்காமல் அடிமேல் அடிவைத்து மேலேறலாம். இரண்டு மணி நேரம் ஏறினால் இறங்குவதற்குச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிட இன்பத்துக்காகத்தான் இவ்வளவு உழைப்பும்.

பனியைப் படிக்கும் கலை

சரிவின் அருகே சென்றதும் வழிகாட்டி பனியில் ஒரு குழி வெட்டுகிறார். வெட்டிய சுவரில், மரத்தின் வளையங்கள்போல, அந்தக் குளிர்காலத்தின் வரலாறு முழுவதும் அடுக்கடுக்காகத் தெரியும். எந்த நாளில் பெய்தது, எப்போது வெயில் பட்டு இறுகியது, எந்த அடுக்கு சர்க்கரைபோல் பிடிப்பின்றி உதிர்கிறது என்பதையெல்லாம் விரலால் தொட்டே அறிகிறார். பின்னர் ஒரு பனித்தூணைச் செதுக்கி, அதன்மேல் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளால் பத்து என முப்பது தட்டு தட்டுகிறார். சில தட்டுகளிலேயே தூண் வழுக்கி விழுந்தால் மேலடுக்குக்குக் கீழே பிடிப்பில்லை என்பது பொருள். ஒரு மனிதரின் பாரமே அந்தச் சரிவு முழுவதையும் அவிழ்த்துவிடக்கூடும்.

மரங்களும் செய்தி சொல்லும். மேற்புறத்துக் கிளைகள் மட்டும் முறிந்து நிற்கும் மரங்களைக் கண்டால், அவ்வழியே முன்பு பனிச்சரிவு இறங்கியிருக்கிறது என்று அறிகிறார்கள். மரங்களின் மேல் எல்லையில் பூர்ஜ மரங்கள் வளர்கின்றன. அவற்றின் பட்டைகளில்தான் காஷ்மீரத்துப் பண்டிதர்கள் ஒரு காலத்தில் சைவ நூல்களையும் பிற சாத்திரங்களையும் எழுதிவைத்தார்கள். அதே மரத்தில் இன்று வழிகாட்டி மலையின் எழுத்தைப் படிக்கிறார்.

'இன்று வேண்டாம்'

தூண் விழுந்துவிட்டால் அவர் சொல்வது இரண்டே சொற்கள்: 'இன்று வேண்டாம்.' அதைச் சொல்வது எளிதன்று. உடன் வந்தவர்கள் பெரும்பணம் செலவழித்து, விடுப்பு எடுத்து, கடல் கடந்து வந்திருப்பார்கள். மறுநாள் அவர்களுக்கு விமானம் இருக்கும். எதிரே சரிவு ஒரு சுவடும் இன்றி ஒளிர்ந்துகொண்டிருக்கும். வாதாடுவார்கள், கெஞ்சுவார்கள், 'வேறொருவரை அழைத்துக்கொள்வோம்' என்பார்கள். வழிகாட்டியின் வருவாயோ டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு மாதத்தில் அடங்கிவிடுகிறது. 2024 ஜனவரியில் பல வாரங்கள் பனியே பெய்யாமல் புல்வெளி பழுப்பாகக் கிடந்தபோது, இத்தொழிலை நம்பிய வீடுகள் பட்ட கவலை பெரிது. அப்படி வந்த ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்துத்தான் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்லாவிட்டால் நேர்வது என்ன என்பதை மலை பலமுறை காட்டியிருக்கிறது. 2010 பிப்ரவரி 8ஆம் நாள், குல்மார்க்கில் பயிற்சி பெற்ற நம் ராணுவ வீரர்கள் 17 பேரைப் பனிச்சரிவு கொண்டது. பனியில் போர்செய்யவே பயின்ற இளைஞர்கள் அவர்கள். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர் அஃபர்வத் மலையில் மாண்டனர். இந்த மலைக்கு அந்நியர், உள்ளூரார், வல்லவர், எளியவர் என்னும் வேறுபாடு இல்லை.

யாத்திரிகர்க்கும் இதுவே நெறி

பலகை விளையாட்டு இளைஞர்களுக்கு உரியது. ஆனால் வழிகாட்டியின் சொல்லுக்குப் பணிவது இமயத்தை நாடும் ஒவ்வொரு யாத்திரிகருக்கும் உரியது. இதே காஷ்மீரத்தில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டில், அமர்நாத யாத்திரை நடந்துகொண்டிருந்தபோது எதிர்பாராத பனிப்புயல் வீசி, இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். யாத்திரைக்கு முன்பதிவும் மருத்துவச் சான்றும் இன்று கட்டாயமாக இருப்பதற்கு அந்தத் துயரமும் ஒரு காரணம். அண்மை ஆண்டுகளில் 70 வயதைக் கடந்தவர்களுக்கு அனுமதி வழங்குவதில்லை. 'வாழ்நாளில் ஒருமுறை' என்று மனம் ஏங்கும் பெரியவர்களுக்கு இது வேதனை தரலாம். மழை கண்டு பாதி வழியில் யாத்திரையை நிறுத்தும்போது, 'இறைவன் பார்த்துக்கொள்வான்' என்று முன்னேற முயல்வோரும் உண்டு.

திருவதரியில் நம் முன்னோர் வகுத்த முறையை எண்ணிப் பார்த்தால் தெளிவு பிறக்கும். பனிக்காலம் நெருங்கியதும் பத்ரிநாதர் சந்நிதியின் நடை சாத்தப்படுகிறது. உத்தவரும் குபேரனும் பாண்டுகேசுவரத்துக்கு எழுந்தருள்கிறார்கள். ஆதிசங்கரரின் பீடம் ஜோஷிமடத்து நரசிம்மர் ஆலயத்துக்கு வந்துசேர்கிறது. ஏறத்தாழ ஆறு மாதம் மலையின் விருப்பப்படி விட்டுவிட்டு, வசந்தத்தில் மீண்டும் ஏறுகிறார்கள். பக்தியில் குறைந்தவர்களா அவர்கள்? இறங்கி வருவதையும் வழிபாட்டின் ஒரு பகுதியாகவே வைத்தார்கள். அஃபர்வத் சரிவில் ஒரு வழிகாட்டி தம் குழுவைத் திருப்பி அழைத்து வரும்போது செய்வதும் அதுவே.

குல்மார்க் செல்ல விரும்பும் அன்பர்களுக்கு

ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். தங்மார்க்குக்கு மேல் மலைப்பாதை. பனி பெய்த நாட்களில் சக்கரங்களில் சங்கிலி பூட்டிய வண்டிகளே அங்கிருந்து மேலே செல்ல இயலும். பெரியவர்கள் மே முதல் செப்டம்பர் வரையிலான காலத்தைத் தேர்ந்தெடுப்பது நலம். இதய நோயும் மூச்சுத் தொல்லையும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே புறப்பட வேண்டும். அவர்கள் ஊர்தியின் இரண்டாம் கட்டத்தைத் தவிர்த்துவிடலாம். அங்கே காற்றில் பிராணவாயு குறைவு. குல்மார்க் வெளியில் நின்று, நடுவிலுள்ள குன்றை நோக்கிக் கைகூப்பி கௌரியையும் சங்கரனையும் தொழுதாலே போதும். வண்டியோட்டியோ வழிகாட்டியோ 'இதற்கு மேல் இன்று வேண்டாம்' என்று சொன்னால், அதை அன்னையின் சொல்லாகவே ஏற்றுத் திரும்பிவிடுங்கள்.